குண்டுவிமானத்துக்குக் கையாட்டியவர்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு போர்ப்படம் பார்த்தேன். குண்டுவிமானத்தில் பறக்கும் சில இளைஞர்களின் கதை. "பாவம்பா, ஒருத்தன்கூட வீடு திரும்பலயே" என்று மகள் அழுதாள். தியேட்டரில் பாதிப் பேர் அழுதார்கள். என்னால் உட்கார முடியவில்லை. அந்த எஞ்சின் இரைச்சல் உள்ளங்கால் வழியாக ஏறியது.

சிறுவயதில் எங்கள் வீட்டு டிவியில் அதே இரைச்சல் வந்தபோது பிள்ளைகள் நாங்கள் கைதட்டினோம். பெரியப்பா துள்ளி எழுந்து, "மேசைக்கு அடியில போங்கடா!" என்று கத்தினார்.

"அண்ணே, படம்லா இது! குண்டு டிவிய விட்டு வெளிய வராது" என்று அப்பா சிரித்தார்.

பெரியப்பா எங்களைப் பார்த்துச் சொன்னார்: "ஜப்பான்காரன் பினாங்குல குண்டு போட வந்தப்போ யாரும் ஓடல. ரோட்டுல நின்னு வேடிக்கை பாத்தோம். உங்க தாத்தா என்னைத் தோள்ல தூக்கிக் காட்டுனாரு. நான் கையாட்டுனேன். குண்டு விழுந்தப்புறம் நான் எந்திரிச்சேன், அவரு எந்திரிக்கல."

அப்பா எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

இதை மகளிடம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தவித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சொல்லாமலே வீடு சேர்ந்தோம்.

மறுநாள் அவள் தோழிகளோடு அதே படத்துக்கு மறுபடியும் போனாள். நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன்.