பெயரைச் சொன்னால் வாசிக்கிறேன்

வெர்லீன் டகிளுக்குக் கோபம் வருவதில்லை. வருவதற்கு அது போயிருக்க வேண்டுமே. காலையில் பல் விளக்கும்போது இருந்த கோபத்தோடேயே ராத்திரி படுக்கப் போகிற ஆள். மெம்பிஸில் எங்கள் தெரு நாய்கள்கூட அவர் வீட்டைக் கடக்கும்போது குரைப்பதில்லை. வாரம் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவார். ஞாயிறன்று எங்கள் சபையில் ஆர்கன் வாசிப்பார். அந்தக் கோபம் விரல் வழியாக இறங்கும். கேட்கிற ஜனம் அதைப் பரிசுத்த ஆவி என்று நினைத்துக்கொள்ளும்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பள்ளி முடித்த வருஷம், ஐரோப்பாவில் என்றைக்கோ செத்துப்போன பெரிய ஆட்களின் பியானோ இசையை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, இசைக் கல்லூரித் தேர்வுக்குப் போனாராம். வாசலில் நின்ற வெள்ளைக்காரன் இவருடைய கறுப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு, "சமையல் வேலைக்குப் பின்பக்கம் போ" என்றானாம்.

"பின்பக்கமாவே போனேன். அடுக்களையில இருந்த தட்டையெல்லாம் தரையில போட்டுட்டு வந்தேன்" என்பார். அது நிஜமா என்று தெரியாது. நான் நிஜம் என்றே வைத்திருக்கிறேன்.

தம்பி ஹோசியா நேர்மாறு. முகத்தில் எப்போதும் சிரிப்பு. அக்காவோடு ஒரே ஸ்டூலில் ஒட்டி உட்கார்ந்து பாட்டுக் கற்றவர். வளர்ந்ததும் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு பீல் தெருவின் ராத்திரி மதுக் கிளப்புகளுக்குப் போய்விட்டார். சனிக்கிழமை தம்பிக்கு, ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு என்று பாகம் பிரித்த மாதிரி. லவோன் பெட்டிஸ் எங்கள் சபையில் பாடிப் பழகி, பிறகு ரேடியோவெல்லாம் நிறைந்தவள். அவளுடைய பெரிய பாட்டின் தொடக்கத்தில் ஒரு சாக்ஸபோன் ஏங்கும். வாசித்தது ஹோசியா. பாட்டின் மெட்டும் அவருடையதுதான். இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் கிடையாது. அந்தத் தட்டு தங்க முலாம் பூசி, கண்ணாடி போட்டு, எங்கள் சபைக் கூடத்தில் பாஸ்டர் கில்யார்டின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

போன ஆகஸ்டில் ஹோசியா செத்துப்போனார். முடிவெட்டும் கடை நாற்காலியில், பாதிச் சவரத்தோடு, இதயம் நின்றுவிட்டது.

அன்று நான் ஞானஸ்நானத் தொட்டியில் தவளை விட்ட குற்றத்துக்காகக் கூடத்து நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் அறைக் கதவு சரியாகச் சாத்த வராது; உள்ளே அவரும் வெர்லீனும் பேசுவது கேட்டது.

"அடக்க ஆராதனை இங்கயே வச்சுக்கலாம் சிஸ்டர். ஆனா கிளப் ஆளுங்க வாசிக்கக் கூடாது. சாக்ஸபோனைச் சவப்பெட்டி மேல வைக்க வேண்டாம். அந்தப் பாட்டும் வேண்டாம், அது உலகத்துப் பாட்டு."

"அந்தப் பாட்டுதானே பாஸ்டர் உங்க சுவத்துல தொங்குது?"

"அது லவோனுக்குச் செய்ற மரியாதை. லவோன் நம்ம சபைப் பிள்ளை."

"ஹோசியாவ முக்கி எடுத்தது எந்தத் தொட்டியாம்?"

"லவோன் இன்னும் வர்றாளே சிஸ்டர்."

"அவ கார்ல வர்றா. இவன் நடந்து வந்தான். அதான் உங்க கண்ணுல படல."

பாஸ்டர் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வெர்லீன் சொன்னார்: "சரி, ஒண்ணுமே வேண்டாம். பிரசங்கத்துல அவன் பேரைச் சொல்லுங்க. நல்லா வாசிச்சவன்னு சொல்லுங்க. அது போதும்."

"கர்த்தர் நடத்துறபடி" என்றார் பாஸ்டர். எங்கள் சபையில் அதற்கு 'முடியாது' என்று பொருள்.

வெளியே வந்தவரிடம் நான் என் திட்டத்தைச் சொன்னேன். "பாஸ்டரோட கைக்குட்டையில மிளகாய்ப் பொடி தூவிடட்டா சிஸ்டர்? பொட்டலம் தயாரா இருக்கு."

"அடி வாயாடி. கண்ணு எரிஞ்சு தண்ணி வந்தா, ஹோசியாவுக்காக அழுதேம்பான். ஜனம் அதுக்கும் ஆமென் போடும். உள்ள வை."

சனிக்கிழமை காலை அடக்க ஆராதனை. வெக்கை. நான் பாடகர் வரிசையில் நின்றேன். அப்பன் சொத்தை அழித்துப் பன்றி மேய்க்கப் போன கெட்ட குமாரனின் பைபிள் கதையை எடுத்தார் பாஸ்டர். அவன் வீடு திரும்பியதை விட்டுவிட்டு, பன்றித் தொழுவத்திலேயே நின்றுகொண்டார். "இந்த மனுஷன்" என்றார். "நம்ம நடுவுல கிடக்கிற இந்தச் சகோதரன்" என்றார். வாய் தவறிக்கூடப் பெயர் வரவில்லை. பெட்டியில் கிடப்பவரை இப்படிப் பேச ஒருவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும். வெர்லீனின் முதுகு பலகை மாதிரி விறைத்தது.

எங்கள் ஊர்ப் பிரசங்கம் பேச்சாக முடியாது. கடைசியில் பாட்டாக ஏறும். பாஸ்டர் ஒரு வரி, ஆர்கன் ஒரு வரி. சுருதி கொடுப்பது ஆர்கன். பாஸ்டர் பட்டம் என்றால் நூல் வெர்லீன் கையில்.

"தூர தேசம் போனான்" என்று இழுத்தார் பாஸ்டர். ஆர்கன் அதையே திருப்பிச் சொன்னது, கடைசிச் சுரத்தை மட்டும் கொஞ்சம் வளைத்து. "ஆஸ்தியை அழிச்சான்." இந்த முறை பாஸ்டரும் வளைந்தார். ஆர்கன் இன்னும் கொஞ்சம் வளைத்தது. கண்ணை மூடி, வியர்வை வழிய, நூல் போன பக்கமெல்லாம் அவர் போனார். ஜனத்தின் கையிலிருந்த அட்டை விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. "தகப்பன் வீடு, தகப்பன் வீடு" என்று அவர் பாடியபோது அது ஹோசியாவின் மெட்டு. ஒரு சுரம் பிசகவில்லை. சபை மொத்தமும் எழுந்தது. சாக்ஸபோன் இல்லாமல் வெறுங்கையோடு வந்திருந்த கிளப் ஆட்கள் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு அழுதார்கள். யாரும் சொல்லாமலே நாங்கள் அந்த மெட்டைச் சேர்ந்து முனகினோம். என் கண்ணிலும் வியர்த்தது. வெக்கை அப்படி.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கல்லறையிலிருந்து திரும்பி, கூடத்தில் பொரித்த கோழி சாப்பிடும்போது ஒரு அம்மாள் பாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேடியோ பாட்டையே பரிசுத்தமாக்கிட்டீங்களே பாஸ்டர்."

"நான் என்ன செஞ்சேன்? லவோன் பாட்டை அந்த நிமிஷம் ஆவியானவர் என் வாயில வச்சார்" என்றார், தங்கத் தட்டுக்குக் கீழே நின்றுகொண்டு.

வெர்லீன் கையில் சாப்பாட்டுத் தட்டு இருந்தது. போட்டு உடைப்பார் என்று பார்த்தேன். மெதுவாக மேசையில் வைத்தார். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

மறுநாள் ஞாயிறு. செய்தி பரவி, நிற்க இடமில்லை. பாஸ்டருக்கும் ருசி கண்டுவிட்டது. பிரசங்கம் சூடேறியதும் அவரே அந்த மெட்டில் ஒரு வரி எடுத்துவிட்டு, ஆர்கனுக்காகக் காத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி பாடினார். வெர்லீனின் கைகள் மடியில் இருந்தன. பாஸ்டரின் குரல் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி தனியாகத் தொங்கியது.

"சிஸ்டர் டகிள், உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன் பாஸ்டர். அது யாரு மெட்டுன்னு ஜனத்துக்குச் சொல்லுங்க. வாசிக்கிறேன்."

"ஆராதனை நடுவுல என்ன இது?"

"காத்திருக்கேன். மத்தியானம் எனக்கு வேற சோலி இல்ல."

பிரசங்கத்தில் பாஸ்டரை உற்சாகப்படுத்த, "சொல்லுங்க பாஸ்டர்" என்று ஜனம் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு கிழவர் அதையே நிதானமாகச் சொன்னார்: "சொல்லுங்க பாஸ்டர்." இன்னொருவர் சொன்னார். பிறகு சபையே சொன்னது. நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

பாஸ்டர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஹோசியா டகிள்" என்றார், தொண்டைக்குள்.

"கடைசி வரிசைக்குக் கேக்கல."

"ஹோசியா டகிள். சாக்ஸபோன் வாசிச்சவர். நம்ம சபையில ஞானஸ்நானம் எடுத்தவர். இது அவரோட மெட்டு."

அதற்குப் பிறகுதான் வெர்லீனின் கைகள் ஆர்கனில் இறங்கின. பாஸ்டர் பாடிய சுருதியில் இல்லை, அதற்கு அரைச் சுரம் மேலே. அடுத்த அடியில் இன்னும் அரைச் சுரம். ஜனம் எழுந்து ஆடுகிறது, நிறுத்த முடியாது. பாஸ்டர் ஏறினார், ஏறினார், கழுத்து நரம்பு வெடிக்கிற மட்டும் ஏறினார். புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில்கூடக் குரல் வராமல் அவருக்குத் தலையாட்டத்தான் முடிந்தது.

படியிறங்கும்போது கேட்டேன்: "கோபம் போச்சா சிஸ்டர்?"

"அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் வெர்லீன். "கிறிஸ்துமஸுக்கு லவோன் பாட வர்றா."