குடோன் கதவைக் கழற்றிவிட்டுப் பார்த்த படம்

நான் பயந்த சுபாவம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை வீரன் என்று நினைத்துக்கொண்டு யாரும் மேலே படிக்க வேண்டாம். எழுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்குச் சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் ஏறினேன். மடியில் இரண்டு தகர டப்பா. உள்ளே முக்கால் மணி நேரம் ஓடும் படம். தெற்கே விவசாயக் கூலிகளுக்காகப் போராடி, எத்தனை அடி வாங்கியும் ஒருநாளும் கை ஓங்காமல், அதற்கு முந்தின வருஷம் காலமான ஒரு தலைவரின் வாழ்க்கை அது. அவரோடு இருந்தவர்கள் கைக்காசைப் போட்டு எடுத்தது. இருந்த ஒரே பிரதியை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவது என் பொறுப்பு.

எதிர் சீட்டில் கரீம் பாய். பழவேற்காட்டுக்காரர், கல்யாண வீடுகளில் படம் ஓட்டிப் பிழைக்கிறவர். புரொஜெக்டர் பெட்டியின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எண்ணூர் தாண்டி உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், நேத்தே சொன்னா நீங்க வரமாட்டீங்க. அதான் சொல்லலை. நாளைக்கு அங்க அறுப்பு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு ஜனங்க வேலைக்கு எறங்க மாட்டோம்னு நிக்குது. நெலத்துக்காரரு, அதான் பெரிய வூட்டுக்காரரு, அவரு காதுக்கு எம் மச்சான் குடோன்ல படம் காட்டற சேதி போயிடுச்சு."

"போனா?"

"குடோனுக்குள்ள படம் பாக்கப் போறவன் சாம்பலாத்தான் வெளிய வருவான்னாராம்."

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் தெற்கே கூலி கூட்டிக் கேட்ட ஜனங்களை ஒரு குடிசைக்குள் வைத்து, வெளியே சாத்திக் கொளுத்தியது கூலி வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். பொன்னேரியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நிஜமாகவே டப்பாக்களைக் கையில் எடுத்தேன். பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பேஜாரு பண்ணாதீங்க சார், மொதல்ல நாஷ்டா துன்னலாம்," என்று இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

கவரைப்பேட்டையில் இறங்கியபோது எட்டரை மணி. அங்கிருந்து மூன்று மைல் மாட்டுவண்டி, இரண்டு ரூபாய். ஊர்ப் பெயரை எழுதவில்லை. அவர்கள் அங்கேதான் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் முற்றித் தலைசாய்ந்த நெல். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபாக்டரி கட்ட நிலம் அளந்து நட்ட கற்கள் தூரத்தில் தெரிந்தன. வண்டிக்காரர் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. காலனிக்கு அரை பர்லாங் முன்னாலேயே எங்களை இறக்கிவிட்டு, கொடுத்த கூலியைக்கூட எண்ணிப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டார்.

காலனியில் ஒன்றைக் கவனித்தேன். முப்பது முப்பத்தைந்து குடிசைகள். ஒன்றுக்கும் படல் இல்லை. வாசல்கள் எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. கதவாக இருந்த ஓலைப் படல்களைக் கழற்றித் தெருக்கோடியில் குவித்திருந்தார்கள். பொங்கலுக்குக் கூரை மாற்றுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களை வரவழைத்தவர் முனியம்மா. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிப்போகிறவர். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் அவருடைய தம்பி ஏழுமலை, இடுப்பில் கதிர் அரிவாளோடு.

"வந்தியா சார்! வரமாட்டேன்னு இவன் பந்தயமே கட்டினான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வெளியூர் ஆளுங்களை எறக்கப் போறாங்க. இவனுங்க அருவாளைத் தூக்கினா அத்தினி பேரையும் ஜெயில்ல வச்சுடுவாங்க, இல்லாட்டி சுட்டுடுவாங்க. படத்துல கீற அந்த மனுசன் அடியை எப்படித் தாங்கினாருன்னு இவனுங்க கண்ணால பாக்கணும் சார், அதுக்குத்தான்," என்றார்.

இருட்டிய பிறகு அந்த வயல் வழியே திரும்பி நடக்க யாருக்கும் தைரியம் இல்லை. அதனால் பகல் காட்சி. காலனிக்கும் ரோட்டுக்கும் நடுவில் பாயின் மச்சானுக்கு ஒரு நெல் குடோன் இருந்தது. தகரக் கூரை, கரண்ட் உண்டு, ஜன்னல் கிடையாது, ஒரே கதவு. படம் ஓட்ட இதைவிட நல்ல இருட்டு கிடைக்காது என்று பாய் குஷியாக வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டினார். ஜனங்கள் வந்தார்கள். வாசல்வரை வந்து நின்றார்கள். ஒருவர்கூட உள்ளே கால் வைக்கவில்லை.

"உள்ள வாங்கம்மா, கதவைச் சாத்தினாத்தான் படம் தெரியும்," என்றேன்.

முனியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏழுமல, கடப்பாரையை எடுத்தா," என்றார்.

நாலு பேர் சேர்ந்து அந்தத் தேக்குக் கதவை, நிலையில் சுழலும் குடுமியோடு நெம்பித் தூக்கினார்கள். உள்ளே கொண்டுவந்து தரையில் கிடத்தினார்கள். பெண்கள் குழந்தைகளோடு அதன் மேலேயே நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். வாசலில் ஒரு சாக்காவது தொங்கவிடலாம் என்று பாய் கெஞ்சினார். அதுவும் கூடாது என்றுவிட்டார்கள்.

வெயில் நேராக உள்ளே விழுந்தது. வேட்டியில் படம் தெரியவே இல்லை. பாய் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு புரொஜெக்டரைச் சுவருக்கு மிக அருகே நகர்த்தி, படத்தை ஒரு முறம் அளவுக்குச் சுருக்கினார். உருவங்கள் தெரிந்தன. எல்லோரும் முறத்தில் கல் பொறுக்குகிறவர்கள் மாதிரி குனிந்து பார்த்தார்கள். தலைவர் சின்ன வயதில் மாடு மேய்க்கிறார், நாற்று சுமக்கிறார், முதல் சங்கம் சேர்க்கிறார். பாதி அவரை வைத்தே எடுத்தது, பாதி நாடகக்காரர்கள் நடித்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரப்பில் உட்கார்ந்த தலைவரைத் தடியால் அடிக்கிற இடம் வந்தபோது வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது.

ஐந்தாறு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவன் கையில் சங்கிலியும் ஒரு பெரிய பூட்டும். பின்னால் வந்தவன் கையில் மண்ணெண்ணெய் டின். கடவுளே, பெண்டாட்டியிடம் மாலை வந்துவிடுகிறேன் என்றல்லவா சொல்லிவிட்டு வந்தேன்!

பூட்டுக்காரன் வாசலில் நின்றான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். கதவைக் காணோம்.

ஏழுமலையின் கை இடுப்புக்குப் போயிற்று. முனியம்மா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து, "குந்துடா! அதோ அவரு குந்திக்கினுதான கீறாரு!" என்று சுவரில் ஓடும் படத்தைக் காட்டினார். அங்கே தலைவர் அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு கதவின் மேல் உட்கார்ந்தான்.

"இன்னா நைனா, கதவு வோணுமா?" என்றார் முனியம்மா. "எங்களுக்குக் கீழதான் கீது. எங்கள எழுப்பிட்டு எடுத்துக்கினு போ."

யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியே நல்ல பகல், ரோட்டில் ஒரு லாரி நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. பூட்டுக்காரன் சங்கிலியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான். வந்த வேலையைத் தவிர வேறு என்ன செய்வதென்று அவனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை போல. ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பினான். டிராக்டர் சத்தம் ஓய்ந்ததும் எல்லோரும் மறுபடி படத்தின் பக்கம் குனிந்தார்கள்.

படம் முடிந்ததும் ஏழுமலை என்னிடம் வந்தான். "கடைசி வரைக்கும் ஒரு கை கூடத் தூக்கலியா சார் அவரு?"

"தூக்கலை."

"கஷ்டம் சார்," என்றான்.

சாயங்கால ரயிலைப் பிடிக்க நாங்கள் கிளம்பியபோது முனியம்மா ரோடுவரை கூடவே நடந்தார். திரும்பிப் பார்த்தபோது காலனிக் கோடியில் அந்தப் படல் குவியல் தெரிந்தது. காலையில் புரியாதது அப்போதுதான் புரிந்தது. "ராத்திரியும் இப்படியேதானா?" என்று கேட்டேன்.

"பெரிய வூட்டுக்காரரு அந்தச் சாம்பல் பேச்சுப் பேசின நாள்லேர்ந்து இப்படித்தான் சார் படுக்கறோம். பனி அடிக்குது, நாயி வருது. திருடன் வந்தாலும் வரட்டும், எங்ககிட்ட இன்னா கீது? வெளியிலேர்ந்து சாத்தறவன் வரக்கூடாது, அவ்ளோதான்."

மறுநாள் அவர்கள் வரப்பில் போய் உட்கார்ந்தார்கள் என்றும், ரத்தம் சிந்தாமல் கூலி கொஞ்சம் ஏறியது என்றும் பாய் பின்னால் சொன்னார். அன்று மாலை எனக்கு அது தெரியாது. மீஞ்சூர், எண்ணூர் என்று விளக்குகள் வர வர, விட்டுவந்த முகங்களையே நினைத்துப் பயந்துகொண்டு வந்தேன்.

பெரம்பூரில் என் வீட்டுக்குக் கல் சுவர், இரட்டைத் தாழ்ப்பாள். சாப்பிட்டுப் படுத்தேன். மனைவி கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. எழுந்து போய்த் திறந்துவைத்தேன்.

"என்னங்க இது! திருடன் வரப்போறான்."

"வரட்டும்," என்றேன்.