சிவப்புப் பக்கத்தை அமுக்க மறுத்த பாத்திமா

“அக்கா, நான் இத அமுக்க மாட்டேன்.”

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாளையம்பட்டியில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு பாத்திமா இப்படிச் சொன்னபோது எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே... போனைப் பிடுங்கி நானே அமுக்கியிருப்பேன். அவ்வளவு அவசரத்தில் இருந்தேன்.

அவள் போனில் தெரிந்தது ஒரு சிவப்புக் குறி. கீழே, இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல என்ற எச்சரிக்கை. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், பரவாயில்லை தொடர்கிறேன் என்பதற்கான லிங்க். என்னைப் போன்ற புரோகிராமர்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கண்ணை மூடிக்கொண்டு அமுக்குகிற லிங்க் அது.

“அது சும்மா வர்றது பாத்திமா. என் லேப்டாப்தான் அது. எனக்குத் தெரியாதா?”

“ஒங்களுக்குத் தெரியும். முத்துலட்சுமி அக்காவுக்குத் தெரியுமா? இன்னிக்கு ஒங்க பக்கத்துக்கு இத அமுக்கலாம்னு நான் சொல்லிக் குடுத்தா, நாளைக்கு எவனாச்சும் பேங்க்னு சொல்லி லிங்க் அனுப்புவான். அதுக்கும் அமுக்குவாக. அப்ப நான்தான சொல்லிக் குடுத்தேன்னு ஆகும்?”

போனை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். பாத்திமாவின் ஊர் வீரசோழன். அருப்புக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். வீரசோழன், திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்களுக்காக ஓர் அறக்கட்டளை வேன் விடுகிறது. ஓட்டுபவர் சேது அண்ணன். அந்த வேனில் வருகிறவர்களில் ஒருவர்தான் முத்துலட்சுமி அக்கா. ஐம்பது வயதிருக்கும். முன்பு காட்டு வேலைக்குப் போனவர். இப்போது சத்துணவுக் கூடத்தில் சமையல்.

கோடையில் ஒரு நாள் வேன் வரத் தாமதமாகிவிட்டது. முத்துலட்சுமி அக்கா ஸ்டாப்பில் நின்று நின்று பார்த்தார். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத ஸ்டாப் அது. தலை கிறுகிறுக்கவே, பின்னால் பூட்டிக் கிடந்த கடையின் சுவர் நிழலில் போய் உட்கார்ந்தார். அப்படியே கண் அசந்துவிட்டார். வேன் வந்தது. சேது அண்ணன் ஹாரன் அடித்தார், போன் போட்டார். போன் பைக்குள் சைலண்டில் கிடந்தது. உள்ளே நாலு நோயாளிகள். எவ்வளவு நேரம்தான் நிற்பார்? கிளம்பிவிட்டார்.

மறுநாள் முத்துலட்சுமி அக்காவுக்கு உடம்பெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாமல், ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாத்திமாதான் மிஷினில் போட்டாள். பிழைத்துக்கொண்டார். ஆனால் சேது அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

“வேன் எங்க வருதுன்னு போன்ல பாக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்கக்கா” என்று பாத்திமா என்னிடம் வந்தது அதற்குப் பிறகு. வெப் அப்ளிகேஷன் எழுதுவது என் பிழைப்பு. வாரம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் உங்களிடம் புலம்புவது பொழுதுபோக்கு. சரி என்றேன். அறக்கட்டளைக்காரர்களுக்கு வியாழக்கிழமை செய்து காட்ட வேண்டும். அவர்கள் சம்மதித்தால்தான் நிஜமான சர்வரில் ஏற்ற முடியும். அதுவரை நோயாளிகளின் பெயர்களை இன்டர்நெட்டில் விட எனக்கு மனசில்லை. எல்லாம் என் லேப்டாப்புக்குள்ளேயே ஓடட்டும் என்று வைத்திருந்தேன்.

வந்தது வினை. லேப்டாப்பில் அழகாக ஓடியது, போனில் திறந்தால் முரண்டு பிடித்தது. லேப்டாப்பில் இரண்டு புரோகிராம்கள் ஓடுகின்றன. ஒன்று பக்கத்தைக் காட்டுவது. இன்னொன்று வேன் எங்கே என்று கணக்கு வைப்பது. போனில் இருக்கிற பிரவுசர், இரண்டும் வேறு வேறு ஆள் என்று நினைத்து, பேசவே விடவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. பூட்டுக் குறி இல்லாத, பாதுகாப்பற்ற பக்கம் கேட்டால், போன் தான் இருக்கும் இடத்தைச் சொல்லாது. இடமே தெரியாமல் வேனை எப்படிக் காட்டுவது?

இதற்குத்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. ஒன்றுமில்லை... ஆஸ்பத்திரி முன்வாசலில் டோக்கன் கவுண்டர் இருக்கிறதல்லவா? யார் வந்தாலும் முதலில் அங்கேதான். அவர்கள்தான் உள்ளே எந்த அறைக்கு என்று அனுப்புவார்கள். அதுபோல இரண்டு புரோகிராம்களுக்கும் முன்னால் ஒரே வாசல், அந்த வாசலுக்கு ஒரு பூட்டு. பூட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். நான் அவசரத்தில் எனக்கு நானே கையெழுத்துப் போட்டு ஒன்றை ஒட்டிவிட்டேன். யாரும் சாட்சி சொல்லாத சான்றிதழ். போன் அதை நம்பவில்லை. சிவப்பு!

அந்தச் சிவப்பைத்தான் பாத்திமா அமுக்க மறுத்தாள்.

சரி, ஒழுங்காகவே செய்வோம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது தப்பு. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். லேப்டாப்பைத் திறந்தேன், மூடினேன். ஃபேனைக் கூட்டினேன், குறைத்தேன். மதியம் மூன்று மணிக்கு சேது அண்ணன் வேனோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அதை வேறு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நினைத்துக்கொண்டேன்.

சான்றிதழ் வழங்கும் அதிகாரியாக நானே ஆகி, அந்த அதிகாரியை நம்பு என்று என்னுடைய இரண்டு பழைய போன்களுக்கு மட்டும் சொல்லி வைத்தேன். பிறகு அந்த அதிகாரி பெயரில் வாசலுக்கு ஒரு சான்றிதழ். போனில் திறந்தேன். சிவப்பு இல்லை! கத்திவிட்டேன். அடுத்த நொடி வெள்ளைத் திரையில், 502, பேட் கேட்வே. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம்.

ஒரு மணி நேரம் தேடினேன். பாத்திமா நடுவில் எழுந்துபோய், அடுப்பில் நான் மறந்துவிட்ட பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். என்ன தப்பு தெரியுமா? உள்ளே இருக்கிற புரோகிராமின் கதவு எண்ணாக 8000 என்று எழுத வேண்டிய இடத்தில் 8080 என்று எழுதியிருக்கிறேன். பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டு, ஆள் வரவில்லையே என்று வாசலில் நிற்கிற கதை.

“முடிஞ்சிருச்சாக்கா?”

“முடிஞ்சிருச்சு.”

முடியவில்லை.

மூன்று மணிக்கு வேன் வந்தது. ஒரு பழைய போனை சேது அண்ணனுக்கு முன்னால் ஸ்டாண்டில் மாட்டினோம். இன்னொன்று பாத்திமா கையில். லேப்டாப் என் மடியில். என் சொந்த போனின் ஹாட்ஸ்பாட்டில் மூன்றையும் இணைத்தேன். முத்துலட்சுமி அக்காவின் ஸ்டாப் வரை போய்ப் பார்ப்பதாகத் திட்டம். அருப்புக்கோட்டையைத் தாண்டி, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் ஆரம்பித்த இடத்தில் பாத்திமா போனைத் திருப்பிக் காட்டினாள்.

மறுபடியும் சிவப்பு.

இப்போதும் அவள் அமுக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

வீட்டு வைஃபையில் இருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு வந்ததும் லேப்டாப்பின் முகவரி மாறிவிட்டது. சான்றிதழில் பழைய முகவரி. போன் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். வியாழக்கிழமை இப்படி ஆகியிருந்தால்?

“அண்ணே, ஓரமா நிப்பாட்டுங்க.”

“என்ன மேடம், வண்டியில எதுவும் கோளாறா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு எங்கிட்ட.”

புது முகவரிக்கு ஒரு சான்றிதழ் போட்டு, வாசலை மறுபடி திறந்தேன். சிவப்பு போய்விட்டது. வேன் கிளம்பியது. பாத்திமா கையில் இருந்த போனில் ஒரு நீலப் புள்ளி திருச்சுழியை நோக்கி நகர ஆரம்பித்தது. சேது அண்ணன் எட்டி எட்டிப் பார்த்தார். “நம்ம வண்டியா அது? நாம போறப்ப போகுது, நின்னா நிக்கிது!” ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லி பாத்திமா அதட்ட வேண்டியிருந்தது.

ஸ்டாப்பில் முத்துலட்சுமி அக்கா நின்றுகொண்டிருந்தார். கால் இன்னும் லேசாக வீங்கியிருந்தது. போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார். விரலால் புள்ளியைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப இது கிட்ட வந்தப்புறம் நான் வீட்டுல இருந்து கெளம்புனாப் போதும்?”

“போதும்க்கா” என்றேன்.

“வெயில்ல நிக்க வேணாம்?”

“வேணாம்.”

உடனே இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்து நீட்டினார். “இதுலயும் இப்பவே போட்டு விடு தாயி. நாளைக்கு எனக்கு டயாலிசிஸ் இருக்கு.”

கை நீண்டுவிட்டது எனக்கு. இரண்டு நிமிட வேலை. சேது அண்ணனும், “போட்டு விடுங்க மேடம், பாவம்” என்றார். ஆனால் அந்த அதிகாரியை நம்பு என்று அவர் போனிலும் சொல்லி வைப்பது என்றால் என்ன அர்த்தம்? நான் யாருக்குக் கையெழுத்துப் போட்டாலும் அந்த போன் கேள்வி கேட்காமல் நம்பும். என் லேப்டாப் களவு போனால்? எடுத்தவன் கையெழுத்தையும் நம்பும். அக்கா தன் பேங்க் கணக்கை வைத்திருக்கிற போன் அது.

“இப்ப வேணாம்க்கா. ரெண்டு மூணு வாரம் பொறுங்க. சரியா வந்ததும் நானே வந்து போட்டுத் தாரேன்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. நன்றாக வேலை செய்கிற ஒன்றைக் காட்டிவிட்டு, தர மாட்டேன் என்று சொல்வது என்ன நியாயம்? எனக்கே உறுத்தலாக இருந்தது. பாத்திமாதான் அவர் தோளில் கை வைத்து, “அதுவரைக்கும் நான் ஒவ்வொரு தடவையும் வேன் கெளம்புனதும் ஒங்களுக்குப் போன் போடுறேன். சைலண்ட எடுத்துவிடுங்க” என்றாள். சொன்னபடியே செய்தாள்.

காலையில் அவள் மறுத்தாள். சாயங்காலம் நான் மறுத்தேன். இவ்வளவு வருஷம் எத்தனை பேருக்குப் ‘பரவாயில்லை, அமுக்குங்க’ என்று சொல்லிக் கொடுத்திருப்பேன்? அவசரம் நம்முடையது. அமுக்கிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் மட்டும் வேறு யாரோ. திரும்பி வரும்போது வழியெல்லாம் இதையே மனசில் உருட்டிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை அறக்கட்டளைக்காரர்கள் பார்த்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். நிஜமான சர்வர், எல்லா போனும் நம்புகிற சான்றிதழ், யாரும் எந்த எச்சரிக்கையையும் தாண்ட வேண்டியதில்லை. போன வாரம் நானே போய் முத்துலட்சுமி அக்காவின் போனில் திறந்து கொடுத்தேன்.

நேற்று காலை அவரிடம் இருந்து போன்.

“தாயி, வேனு வீரசோழன்ல பரோட்டாக் கடை முன்னாடி இருவது நிமிசமா அசையாம நிக்கிது. அந்தச் சேதுவ எந்திரிச்சு கைய கழுவச் சொல்லு!”

சேது அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை.