பிளக்கைப் பிடுங்கிய காலை

அடையாறில் எல்.பி. ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கார் எலெக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக வயர்களோடுதான் என் பிழைப்பு. வருவதெல்லாம் பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகள். அதில் கைக்கு வந்த பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால் என்ஜின் உதறும். எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. என்ஜின் ஓடும்போதே, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். கழற்றியதும் என்ஜின் இன்னும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் நல்லது. சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் கோளாறு அங்கேதான். பெட்ரோல் வண்டியில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. அந்த இன்ஜெக்டருக்கு இரண்டு வயர்தான். ஒன்றில் பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட் நிற்கும். இன்னொன்றை வண்டியின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ, எர்த்தோடு சேர்த்துச் சேர்த்து விடும். சேர்க்கும்போது உள்ளே இருக்கும் 'காயில்' என்கிற கம்பிச்சுருள் ஊசியைத் தூக்கும், பெட்ரோல் பீய்ச்சும். விட்டதும் ஊசி தானே மூடிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினாலும் மூடித்தான் கிடக்கும்.

அன்றைக்கு வந்தது ஒரு பெரிய டீசல் கார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரருடையது. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம்.

"சிக்னல்ல நின்னா தூக்கித் தூக்கிப் போடுதுப்பா. என்னன்னு பாரு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல அவளுக்குத் தினமும் கரண்ட் வைக்காங்க. இந்த வண்டின்னா பின்னாடி சாஞ்சி படுத்துக்கிடுவா. இன்னைக்கே முடிச்சிரு," என்றார்.

மனைவிக்கு நடக்கும் கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் அப்படிச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அவர் ஆட்டோ பிடித்துப் போனதும் பானெட்டைத் திறந்தேன். வாசலில் இன்னும் மூன்று வண்டிகள். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, திரை வரும்வரை காத்திருக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. கை தானாகப் போயிற்று. முதல் பிளக், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவதைப் பிடுங்கினேன்.

சுத்தியலால் இரும்பை அடிப்பதுபோல் என்ஜினுக்குள் டண் டண்ணென்று ஒரு சத்தம். சைலன்ஸரில் வெள்ளைப் புகை. சாவியைத் திருப்ப நான் ஓடுவதற்குள் என்ஜின் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை முயன்றும் கிளம்பவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. அந்த வண்டியில் இருப்பது பீஸோ இன்ஜெக்டர். உள்ளே காயில் கிடையாது. மெல்லிய படிகத் தகடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதற்கும் இரண்டு வயர்தான், வெளியிலிருந்து பார்த்தால் பிளக்கும் ஏறக்குறைய அதே மாதிரி. ஆனால் பன்னிரண்டு வோல்ட் வயர் என்று அதில் எதுவும் இல்லை. இரண்டு முனையும் ஈசியூவுக்கே போகும். நூறு வோல்ட்டுக்கும் மேல் ஏற்றி அடுக்கை நீள வைத்துத் திறப்பதும் அதுதான், அதே வயர் வழியே மின்சாரத்தைத் திரும்ப எடுத்து மூட வைப்பதும் அதுதான். ஏற்றிய நேரம் பார்த்துப் பிடுங்கினால் இறக்க வழியிருக்காது. இன்ஜெக்டர் திறந்தபடியே நின்று டீசலைக் கொட்டும். ஈசியூவும் அடிபடும். ஒரு பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் கேட்டு நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் அண்ணாச்சிக்கு போன் செய்தேன். சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது வேறு.

"ஈசியூ போயிடுச்சு அண்ணாச்சி. போன மழைல வேளச்சேரில தண்ணிக்குள்ள ஓட்டினேன்னு சொன்னீங்கல்ல? ஈரம் உள்ள எறங்கியிருக்கும்."

"சரிப்பா. நீ என்ன பண்ணுவ, பாவம்," என்றார்.

அந்த 'பாவம்' என்னைப் படுத்திய பாடு. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு பால்கனிக்குப் போனேன். "யார்கிட்டயாவது சண்டையா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். கடையில் ஒரு வேலையைத் தொட்டு, அதை விட்டு, இன்னொன்றைத் தொட்டேன். இரண்டாம் நாள் அந்த டீசல் வண்டியின் வயரிங்கை அடியிலிருந்து தடவிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் வயர் ஒரு இரும்புப் பட்டையில் உரசி உரசி மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிந்தது. என்ஜின் உதறியதற்கு அவ்வளவுதான் காரணம். அரை மணி நேர வேலை.

ஐந்தாம் நாள் காலை அடையாறு சிக்னலில் பைக்கில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ. உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அண்ணாச்சி. அவர் தோளில் தலையை அழுத்திக் கண்ணை மூடியிருந்த ஒரு அம்மா. கழுத்தின் ஒரு பக்கம் கருத்துப்போயிருந்தது. குலுக்கல் படாமல் அந்தப் பக்கத்தை அந்த அம்மா ஒரு கையால் தாங்கியிருந்தார். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. நான் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். சிக்னல் விழுந்ததும் அவர்கள் போனார்கள். பின்னாலிருந்து ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கு நகரத் தோன்றியது.

ஒர்க்‌ஷாப்பைத் திறக்கவில்லை. நேராகத் தி. நகர் கடைக்குப் போய் வாசலில் நின்றேன். பதினொரு மணிக்கு அவர் வந்தார்.

"மழைத்தண்ணி இல்ல அண்ணாச்சி. நான்தான். ஓடற என்ஜின்ல புடுங்கக் கூடாத பிளக்கை, பெட்ரோல் வண்டிப் பிளக்கு மாதிரியே இருக்குன்னு புடுங்கிட்டேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பினார்கள். அவர் என் கையைப் பிடித்து மாடிப்படி ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"செஞ்ச அந்த நிமிஷமே தெரியும்."

"அஞ்சு நாளு." விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "அஞ்சு நாளா அவளை நான் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன்டா."

எனக்குப் புரியவில்லை.

"வேளச்சேரில அவ தங்கச்சி வீடு. அன்னைக்கு மழைல போகவேண்டாம்னேன். பாக்கணும் பாக்கணும்னு அழுதா, கூட்டிட்டுப் போனேன். உன்னாலதான் வண்டி போச்சுன்னு ஒவ்வொரு நாளும் ஆட்டோல ஏத்தும்போது சொல்லிக் காட்டிருக்கேன். அவ ஒரு வார்த்தை பதில் பேசல."

வண்டி ரிப்பேராகும்வரை தினமும் நானே வந்து அழைத்துப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். வேண்டாம் என்றார். மறுநாள் காலை அசோக் நகரில் அவர் வீட்டு வாசலில் என் சின்ன காரோடு நின்றேன். அவர் உள்ளேயே இருந்தார். அந்த அம்மாதான் மெதுவாக நடந்து வந்து பின்சீட்டில் ஏறினார். பிறகு அவரும் வந்து முன்னால் உட்கார்ந்தார்.

பதினோரு நாள் அப்படி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அண்ணாச்சி மருந்துச்சீட்டோடு இறங்கிப் போயிருந்தபோது அந்த அம்மா பின்னாலிருந்து கேட்டார். தொண்டை கட்டியிருந்ததால் குரல் காற்றாக வந்தது.

"பெட்ரோல் வண்டிக்கும் நம்ம வண்டிக்கும் ஒரே மாதிரி பிளக்குதானே தம்பி? ஒண்ணைப் புடுங்கினா ஒண்ணும் ஆகாது, இன்னொண்ணு மட்டும் ஏன் கெட்டுப்போகுது?"

காயில், படிகம், இரண்டு வயர் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று கையை விட்டால் தானே மூடிக்கொள்ளும், இன்னொன்றை மூடுவதற்கும் ஈசியூ வேண்டும் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"இதை அவர்கிட்டயும் சொல்லு. அவரும் தொறந்தா தானா மூடத் தெரியாத ஆளுதான். என்கிட்ட மன்னிப்புக் கேக்கத் தெரியாம மூணு நாளா இளநி இளநியா வாங்கிட்டு வாராரு. என்னால முழுங்க முடியல."

சிரித்தார். சிரித்ததில் வலித்திருக்க வேண்டும், உடனே கழுத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணாடியில் பார்ப்பதை நிறுத்தினேன். 'என்னை மன்னிச்சிடுங்கம்மா' என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அண்ணாச்சி கதவைத் திறந்துவிட்டார்.

ஈசியூவைப் பிரித்து, எரிந்துபோன பாகங்களை மாற்றித் தருகிறவர் ஒருவர் ஆதம்பாக்கத்தில் இருக்கிறார். தினமும் சாயங்காலம் போய் அவர் எதிரில் உட்காருவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நீ இங்க உக்காந்துகினு காலை ஆட்டினா எனக்குக் கை ஓடல நைனா, வீட்டுக்குப் போ," என்றார். மூன்றாவது இன்ஜெக்டரையும் மாற்றினேன். புது இன்ஜெக்டரின் உடம்பில் பொறித்திருக்கும் குறியீட்டை ஈசியூவுக்குள் ஏற்றினால்தான் எவ்வளவு டீசல் விடுவது என்று அதற்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக மூன்று முறை சரிபார்த்தேன். தேய்ந்த வயரை மாற்றி, பட்டையிலிருந்து தள்ளிக் கட்டினேன். சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்தது, உதறல் இல்லை.

சிகிச்சை முடிந்த மறுநாள் அண்ணாச்சி வண்டி எடுக்க வந்தார். அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கஞ்சி குடிக்கா," என்றார். பிறகு பக்கத்து சீட்டைக் காட்டி, "ஏறு," என்றார். ஏறினேன். எல்.பி. ரோட்டுக்கு வந்து, காந்தி நகரைச் சுற்றி, அடையாறு பாலத்துக்கு முன்னால் சிக்னலில் நின்றோம். அவர் ஸ்டீயரிங்கில் உள்ளங்கையை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டீயரிங் அசையவில்லை. சிக்னல் விழுந்ததும் வண்டியை ஓரம் கட்டினார்.

"சரி, எறங்கு."

இறங்கினேன். பாலத்தில் ஏறி மயிலாப்பூர் பக்கம் போனார். வெயில் ஏறிவிட்டிருந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தே திரும்பினேன்.