பாரிஸ் சூரியனின் ராகு காலம்

"2011 செப்டெம்பர் 5, திங்கட்கிழமை. ராகு காலம் 7.30 – 9.00." யாழ்ப்பாணத்தில் அச்சாகி, விமானத்தில் வந்து, எங்கள் பாரிஸ் வீட்டுக் குசினியில் தொங்கிய நாட்காட்டியின் தாள் இது. இன்றும் என்னிடம் இருக்கிறது. அன்று பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறை முடிந்து திறந்தன. எங்கள் பள்ளிக்கூடத்தின் கதவு எட்டரைக்கே சாத்தப்பட்டுவிட்டது. எதிர்ப்பக்க நடைபாதையிலோ, அம்மா உட்படப் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பெற்றோர், பிள்ளைகளை இறுகப் பிடித்தபடி, ஒன்பது மணி ஆவதற்காகக் காத்து நின்றார்கள்.

எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அவன் அன்றுதான் முதலாம் வகுப்பில் காலடி வைக்க வேண்டும். அதை ராகு காலத்தில் செய்வதா? எனக்கு இது புதிய வகுப்பே தவிரப் புதிய பள்ளி அல்ல. ஆனாலும் அம்மா என்னையும் விடவில்லை. ராகு குடும்பத்தைச் சேர்த்தே பார்ப்பவர் என்பது அம்மாவின் எண்ணம்.

இத்தனைக்கும், அந்த முதலாம் வகுப்புக்காக ஆறு மாதம் சண்டை பிடித்தவர் அம்மாதான். இரண்டு முதலாம் வகுப்புகளில் ஒன்றை மூடப்போவதாக வசந்த காலத்தில் அறிவித்திருந்தார்கள். பிள்ளைகள் போதாது, ஆசிரியருக்குப் பணம் ஒதுக்க முடியாது என்பது காரணம். தம்பி வீட்டில் வாயாடி. பிரெஞ்சு என்றால் ஊமை. முப்பது பேருக்கு நடுவே அவனை யார் கண்டுகொள்வார்கள் என்பதே அம்மாவின் பயம்.

ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் என் தோழியின் தந்தை, ஒரு பிரெஞ்சுக்காரர், எழுந்து அரசியலமைப்பைப் பேசினார். 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முகவுரை இன்னமும் செல்லுபடியாகும். இலவசமான, மதச்சார்பற்ற பொதுக் கல்வியை ஒழுங்குசெய்வது அரசின் கடமை என்று அதில் இருக்கிறது என்றார். அம்மா பின்வரிசைத் தமிழ்ப் பெற்றோரிடம் திரும்பிச் சத்தமாகவே மொழிபெயர்த்தார்: "கேட்டியளே, இது அவையின்ரை கடமையாம். நாங்கள் ஒண்டும் பிச்சை கேக்கேல்லை." பிறகு பழைய திரைச்சீலையில் பதாகை தைத்தார். தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் கடை கடையாக ஏறிக் கையெழுத்து வாங்கினார். கடைசியில் கல்வி அலுவலகம் இறங்கி வந்தது: பள்ளி திறக்கும் நாளில் தலைகளை எண்ணுவோம், போதுமானால் வகுப்பு இருக்கும். எத்தனை மணிக்கு எண்ணுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அரசாங்க உத்தியோகத்தர் பத்து மணிக்கு முன் வரமாட்டார் என்று அம்மா தன் ஊர் அனுபவத்தை வைத்துத் தீர்மானித்திருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலை, நாங்கள் நடைபாதையில் நிற்க, தோழியின் தந்தை தெருவைக் கடந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். கல்வி அலுவலகத்து இன்ஸ்பெக்டர் அம்மையார் எட்டரைக்கே வந்துவிட்டாராம். வகுப்பு வகுப்பாக எண்ணிக்கொண்டிருக்கிறாராம். உள்ளே இல்லாத பிள்ளை, இல்லாத பிள்ளைதானாம்.

"வாங்கோ, போவம்," என்றார் அம்மா. கால் மட்டும் அசையவில்லை.

"முதல் நாள், ராகு காலத்திலை கொண்டுபோய் விடுறதே?" என்றார் பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன். "படிப்பு ஏறாது, தங்கச்சி."

"வகுப்பே இல்லாட்டி எங்கையண்ணை ஏறுறது?" என்று அம்மா சீறினார். அப்போதும் கால் அசையவில்லை.

அந்நேரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, மரக்கறிக் கடையொன்றின் வானை ஓட்டுபவர், சாமி, சாத்திரம் எல்லாவற்றையும் பகிடி பண்ணியே அம்மாவிடம் திட்டு வாங்குபவர். வாழைக்குலை இறக்க வந்தவர், மெட்ரோவில் சும்மா கொடுக்கும் பத்திரிகையைக் கையில் மடித்தபடி இறங்கினார்.

"அக்கா, ராகு காலத்தை எதிலையிருந்து கணக்குப் பாக்கிறது?"

"சூரியன் உதிக்கிறதிலையிருந்து. சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"இஞ்சை இண்டைக்கு எத்தினை மணிக்கு உதிச்சது?" பத்திரிகையின் வானிலை மூலையைக் காட்டினார். "பாருங்கோ, ஏழேகால் தாண்டித்தான். உதிச்சவுடனை ராகு வந்து நிக்குமே? அவருக்கும் முகம் கழுவ நேரம் வேணுமெல்லோ."

"உன்ரை பகிடியை விடு."

"பகிடி இல்லை. பகலை எட்டாப் பிரிச்சால் திங்களுக்கு ரெண்டாவது பங்கு. இஞ்சை பின்னேரம் எட்டரைக்குத்தான் பொழுது படுது, பகல் நீளம். அப்ப ராகு ஒன்பதுக்கு அஞ்சு நிமிசம் இருக்கேக்கைதான் துவங்குது. நீங்கள் காத்திருந்து ஒன்பதுக்குப் போனால், நேரை ராகுவின்ரை வாய்க்குள்ளைதான் போறியள்."

"தம்பி, நீர் எப்ப சாத்திரியார் ஆனனீர்?" என்றார் அந்தத் தகப்பன்.

"நான் ஆகேல்லை, அண்ணை. நீங்கள் நாடு மாறி எத்தினை வருசம்? ராகுவுக்கு மட்டும் இன்னும் வதிவிடக் கார்த் மாத்திக் குடுக்கேல்லை."

அம்மா பத்திரிகையைப் பறித்துப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தை. மணி எட்டே முக்கால்.

"பிள்ளையளைப் பிடியுங்கோ! ஓடுங்கோ!"

அதுவரை நேரம் போகவில்லையே என்று நின்றவர்கள், இப்போது நேரம் போகிறதே என்று ஓடினார்கள். கார்கள் ஹார்ன் அடித்தன. யாரோ ஒருவர் கதவு மணியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

முதலாம் வகுப்பு வாசலில் இன்ஸ்பெக்டர் அம்மையார் பேனாவுடன் நின்றார், பக்கத்தில் தலைமையாசிரியை. முதுகை மறைக்கும் பைகளோடு பிள்ளைகள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி உள்ளே போனார்கள். கடைசியாகத் தம்பி. அம்மையார் எழுதியதை வெட்டிவிட்டு, முன்வரிசையிலிருந்து மறுபடி விரல் நீட்டி எண்ணினார். தலைமையாசிரியையிடம், "இரண்டு வகுப்புகள்," என்றார். அவ்வளவுதான். தோழியின் தந்தை அம்மாவின் இரு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அம்மா பிரெஞ்சில் நன்றி சொல்லத் தொடங்கித் தமிழில் அழுது முடித்தார். வெளியே மாமா வான் ஹார்னைத் திருவிழா மாதிரி அடித்தார்.

ராகுவை வென்றுவிட்டோம் என்று அந்த வாரம் முழுக்க நான் பெருமை பேசித் திரிந்தேன். முகவுரையைப் பின்னாளில் நானே வாசித்தேன். அரசின் கடமை என்று இருக்கிறது. எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர், எவ்வளவு பணம் என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் அன்று இன்ஸ்பெக்டரின் ஒரு விரல் நீண்டு நிரப்பியது என்பதும், மதச்சார்பற்ற கல்வியைக் காக்க ராகுவைத் துணைக்கு அழைத்தோம் என்பதும் ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை. மாமாவின் கணக்கையும் சரிபார்த்தேன். சரிதான்.

சரிபார்க்க முடியாதது ஒன்று உண்டு. எண்ணுவதைக் கீழ்த்தளத்து முதலாம் வகுப்பில் தொடங்குவதுதான் அங்கே வழக்கம். அப்படித் தொடங்கியிருந்தால் நாங்கள் ஓடி வருமுன்பே எண்ணி முடிந்திருக்கும். அன்று மட்டும் தலைமையாசிரியை இன்ஸ்பெக்டரை மேல்மாடிக்கு முதலில் அழைத்துப் போனார் என்று மேல்மாடி ஆசிரியர் ஒருவர் அண்மையில் சொன்னார். அந்தப் படிக்கட்டு ஜன்னலில் நின்றால் நாங்கள் நின்ற நடைபாதை முழுவதும் தெரியும். தலைமையாசிரியை ஓய்வுபெற்று ஊர் மாறிவிட்டார். நான் எழுதிக் கேட்டதற்குப் பதில் இல்லை. ஆகவே அவர் எங்களைக் கண்டார் என்பதும், கண்டதால்தான் மாடியேறினார் என்பதும் இதுவரை உறுதிப்படுத்தப்படாத செய்தி.