என் மூச்சுக்கு அவர் சொன்ன பதில்

என் கணவருக்கு நுரையீரல் நோய் என்று மருத்துவர் கூறிய அன்றே எங்கள் வீட்டில் அவருக்கென ஒரு நாற்காலி ஒதுக்கப்பட்டது. பாயான் பாருவில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சன்னலோரம், காற்று நன்கு வரும் இடமாகப் பார்த்து, மகள் அதைக் கொண்டுவந்து போட்டாள். பார்க்க வந்தவர்கள் மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் கொடுத்து, அவருக்கு நேரே அமர்ந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். லாரி ஓட்டிய காலம் முழுவதும் சிகரெட்டை விடாதவர் அவர். ஆகவே அந்நோய் அவருக்கு வந்ததில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

எனக்கும் மூச்சு வாங்கியது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் பின்புறச் சந்தில், நாசி கண்டார் எனும் கறிச்சோறு விற்கும் ஒரு கடையின் சமையற்கட்டில், மணமான நாள்முதல் தலை நரைக்கும்வரை காய்ந்த மிளகாயையும் மல்லியையும் கரியடுப்பில் வறுத்தவள் நான். அந்த நெடியில் இருமாத பெண் அங்கு எவளும் இல்லை. ஆதலால் இருமலை நாங்கள் நோயென்று எண்ணியதும் இல்லை. வீடு திரும்பினால் அவருடைய சிகரெட் புகை. இப்போதோ, துணி காயப்போடும்போது இடையிடையே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெங்காயம் நறுக்க முக்காலி தேவைப்பட்டது. எப்படியோ வேலை முடிந்துவிடுவதால், நான் நின்றதை எவரும் காணவில்லை. நோய் அவருக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்தது. எனக்கு மந்தமானவள் என்ற பெயரைக் கொடுத்தது.

மருத்துவமனைக்கு இருவரும் சேர்ந்தே செல்வோம். எங்கள் தலைமுறையில் மனைவியின் உடல்நிலையையும் கணவரே எடுத்துரைப்பது வழக்கம். அதை நான் மரியாதை என்றே கருதி வந்தேன். ஒருமுறை, எங்களிடம் தமிழில் பேசும் இளம் பெண் மருத்துவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏம்மா இப்படி மூச்சு வாங்குறீங்க?"

நான் வாய் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு ஒன்னும் இல்ல டாக்டர். சிகரெட்டத் தொட்டதே இல்ல. எனக்கு சீக்கு வந்ததுலேர்ந்து பயம். பயத்துல இளைக்குது லா."

மருத்துவர் புன்னகைத்து, மனம் அமைதியடைய ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நானும் நம்பினேன். கோழை என்று என்னையே கடிந்துகொண்டு அதை விழுங்கி வந்தேன்.

பின்னர் ஒரு மாலை, அவருடன் லாரி ஓட்டிய நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். நான் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். இடையில் இருந்தது ஒரு மெல்லிய சுவர்.

"அண்ணே, அண்ணிக்கும் இழுக்குதே? கதவு தொறக்கும்போதே கேட்டுச்சு."

"தெரியும்டா. விடியக்காலையில என்னைவிட அவளுக்குத்தான் ஜாஸ்தி. நான் தூங்குற மாதிரி படுத்துக்குவேன்."

"டாக்டர்கிட்ட சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னா வார்டுல போட்டுருவாங்க. அப்புறம் எனக்குக் கஞ்சி நீயா வந்து வைப்ப?"

"நான் வெச்சா நீங்க சீக்கிரமே போய்ச் சேந்துருவீங்கண்ணே!"

இருவரும் சிரித்தார்கள். அவருடைய சிரிப்பு இருமலாக மாறியது. நண்பர் முதுகைத் தடவிக் கொடுக்கும் ஓசையும் கேட்டது.

தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்டேன். அவருடைய உறக்கம் கலையக் கூடாதென்று, விடியற்காலைகளில் தலையணையில் வாயை அழுத்தி இருமியவள் நான். அப்போதெல்லாம் அவர் விழித்திருந்தார். அவருடைய சிகரெட் புகையைப் பொறுத்துக்கொண்டேன், அது அவர் அறியாமல் செய்தது. இதை அறிந்தே செய்தார்.

அடுத்த முறை மருத்துவரின் அறை வாசலில், "நீங்க இங்கேயே உக்காருங்க" என்றேன்.

"ஏன்? நான்தான் சொல்றேனே."

"நீங்க சொன்ன வரைக்கும் போதும்."

மிளகாய் வறுத்த கதையை மருத்துவரிடம் முதன்முறையாக என் வாயால் கூறினேன். என்னை ஒரு குழாயில் ஊதச் செய்தார்கள். "ஊதுங்கம்மா, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று தாதி, படகுப் போட்டிக்குக் குரல் கொடுப்பவர்போல் கத்தினார். முடிவைப் பார்த்த மருத்துவரிடம் அன்றைய புன்னகை இல்லை.

"அம்மா, இது பயம் இல்ல. அவருக்கு இருக்கிற அதே நோய்தான். உங்களுக்கு இன்னும் கூடுதலாவே இருக்கு. ஆம்பளை சிகரெட் குடிக்கிறேன்னு சொன்னா உடனே ஊதச் சொல்றோம். உங்களையும் அன்னிக்கே ஊதச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க."

மன்னிப்பு மருத்துவரிடமிருந்து வந்தது. அதைக் கேட்டிருக்க வேண்டியவர் வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தார்.

வீடு வந்ததும் நான் சன்னலோர நாற்காலியில் அமர்ந்தேன். புதிய இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தபடி நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"பயம் இல்லையாம்."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு, "கஞ்சி?" என்றார், சற்றே மெதுவாக.

"அரிசி டப்பாவுல இருக்கு."

அவர் சமையலறைக்குச் சென்றார். அரிசி களையும் ஓசை கேட்டது, பாதியில் நின்றது. மேடையைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சை இழுப்பது கேட்டது. அந்த இழுப்பு எப்படிப்பட்டதென்று என்னைவிட அறிந்தவர் எவரும் அந்த வீட்டில் இல்லை. நான் கண்களை மூடிக்கொண்டேன், தூங்குகிறவளைப்போல.