ஆறு வந்த வழியே

செல்வி, எங்கள் செல்வி அக்கா, உனக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட இன்னும் ஆகவில்லை. மஞ்சள் காமாலை வந்து உன் முகமே மாறிப்போயிருந்தது. ஆனால் என் கண்ணுக்குள் நிற்பது கலசப்பாக்கத்து ஆற்று மணலில் நின்ற முகம்தான்.

அப்பா நம் இருவரையும் மலையிலிருந்து இறக்கிக் கீழே விடுதிப் பள்ளியில் சேர்த்த வருஷம். நீ எட்டாவது, நான் மூன்றாவது. இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். "உன் நாடு எது?" என்று டீச்சர் உன்னைக் கேட்டது எனக்கும் கேட்டது.

"புதூர்நாடு, டீச்சர்."

வகுப்பே சிரித்தது. நம் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அதற்கு மேலே இன்னொரு நாடு உண்டென்று நமக்கு யார் சொன்னார்கள்?

"அந்த நாட்டுக்கு நீதான் ராணியாடி?" என்றாள் ஒருத்தி.

"ராணிலாம் கெடயாது. எங்க நாட்டுக்குத் தலைவரு நாட்டார்தான்" என்று நீ விளக்கம் வேறு சொன்னாய். சாப்பாட்டு வரிசையிலும் "ராணி வர்றா, வழி வுடுங்க" என்றார்கள். நீ தட்டைத் தொடவில்லை.

சாயங்காலம் என் கையைப் பிடித்து ஆற்றுக்குக் கூட்டிப்போனாய். செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது என்று அதே டீச்சர்தான் பாடம் நடத்தியிருந்தார். "ஆறு நம்ம மலையிலேர்ந்துதான்டா வருது. இத்தப் புடிச்சுக்கினே போனா வூடு வந்துடும்" என்றாய்.

கோடை. ஆறு முழுக்க மணல். கால் வலிக்கிறது என்றதும் என்னை முதுகில் ஏற்றிக்கொண்டாய். ஓரிடத்தில் ஆறு இரண்டாகப் பிரிந்தது. பாடத்தில் அது இல்லை. எது நம் ஆறு என்று தெரியாமல் நின்று அழுதாய். மாடு ஓட்டி வந்த ஒருவர்தான் நம்மைத் திரும்பப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் அப்பா வந்தார். "பையன் இருக்கட்டும். ஓடிப்போன பொண்ண இனிமே இன்னாத்துக்குங்க படிக்க வெக்கறது?" என்று டீச்சரிடம் சொல்லி உன் பெட்டியை மட்டும் தூக்கினார். உனக்கு வீடு, எனக்கு விடுதி. எனக்கு உன்மேல் ஒரே பொறாமை.

லீவுக்கு நான் மலைக்குப் போனபோது உனக்குக் கல்யாணப் பந்தல் போட்டிருந்தார்கள். "ஓடிப்போனவள எப்டியோ ஒருத்தன் தலையில கட்டியாச்சு" என்றாள் பெரியம்மா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க எங்க பெரிம்மா ஓடனோம்? மெதுவா நடந்துதான் போனோம்" என்றேன்.

பந்தலே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். மாலையோடு உட்கார்ந்திருந்த நீ மட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எங்கள் செல்விக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். அவள் பிள்ளைகள் இரண்டும் சின்னஞ்சிறுசுகள்.